முத்தை நிறுக்கும் தராசு முதல்ல சரியா இருக்கா?

முத்து, சிப்பி வெச்சு வீட்டிலேயே கம்மல் செஞ்சு இன்ஸ்டாவில் விற்கிற ஆளா நீங்க? அப்போ உங்க மேஜையில் ரெண்டு பொருள் கண்டிப்பா இருக்கும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கின பாக்கெட் தராசு, ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர். திரையில் நம்பர் வருது என்பதற்காக ரெண்டையும் அப்படியே நம்பிடாதீங்க.

தூத்துக்குடி முத்து வியாபாரிகள் அளவு விஷயத்தில் ரொம்பக் கறாராக இருந்தார்கள். அடியில் துளையிட்ட பத்து பித்தளைப் பெட்டிகளில் முத்தைச் சலித்தார்கள். 20 துளைப் பெட்டியில் நிற்பது பெரிய முத்து, 1000 துளைப் பெட்டிக்கு வருவது பொடி. அடுத்து மஞ்சாடிக் கணக்கில் எடை. விலைக்குச் 'செவ்வு' என்றொரு கணக்கு: எடையை அதே எடையால் பெருக்கி, முக்கால் பங்கு எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பது. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துவிட்டது. ஆனா அந்தக் கணக்கில் ஒரு பயங்கரம் ஒளிஞ்சிருக்கு. எடையில் வரும் தப்பு, விலையில் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகிடும்! அரை கிராம் முத்தை 0.51 என்று தராசு காட்டினால் எடையில் 2% தப்பு, செவ்வில் 4%.

சரி, சோதிப்பது எப்படி?

ஃபேனை ஆஃப் பண்ணுங்க. கடல் காத்து வர்ற ஜன்னலையும் சாத்துங்க. ஆடாத, சமமான மேஜையில் தராசை வைத்து ஐந்து நிமிஷம் ஆன் செய்து விடுங்க. 2011 வரிசை அஞ்சு ரூபாய் நாணயம் புதுசாக இருந்தால் 6 கிராம். 2019 வரிசை அஞ்சு ரூபாய் 6.74 கிராம், குழப்பிக்காதீங்க. தட்டின் நடுவிலும் நாலு ஓரத்திலும் அதையே வைத்துப் பாருங்க. இடத்துக்கு இடம் நம்பர் மாறினால், பொருளை எப்போதும் நடுவில் மட்டும் வையுங்க.

நாணயம் தேயும். அதனால் அது சந்தேகம் கிளப்ப மட்டும்தான், திருத்த அல்ல. 'கால்' மோடில் தராசு 100 கிராம் கேட்டால் உண்மையான 100 கிராம் சோதனை எடைக்கல்லையே வையுங்க. தப்பான எடையை வைத்தால் நல்ல தராசும் கெட்டுப்போகும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. மலிவான தராசுகள் காலித் தட்டில் விழும் மிகச் சின்ன எடையைப் பூஜ்யம் என்றே விழுங்கிவிடும். முதலில் ஒரு நாணயத்தை வைத்து எடையைக் குறிச்சுக்குங்க. பிறகு முத்தை அதோடு சேர்த்து நிறுத்து, கழித்துக்கொள்ளுங்க. ஒரே அளவு முத்து என்றால் பத்தைச் சேர்த்து நிறுத்து வகுப்பது இன்னும் நல்லது.

காலிப்பருக்கு ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் '608' பேரிங் போதும். வெளி விட்டம் 22 மி.மீ., உள் விட்டம் 8 மி.மீ. தாடைகளைத் துடைத்து, மூடி, ஜீரோ பண்ணுங்க. மூடிய தாடைகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிங்க. இடுக்கு வழியா வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் தாடை கோணல். பிறகு பேரிங்கை உள்ளேயும் வெளியேயும் அளக்கலாம். 0.02, 0.03 மி.மீ. வித்தியாசம் இந்த விலைக்குச் சகஜம். எப்போதும் 0.05 கூடவே காட்டுகிறதா? ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் ஒட்டி, அளக்கும்போதெல்லாம் கழிச்சுக்குங்க. ஆளுக்கு ஆள் நம்பர் தாவினால் முதலில் பட்டன் பேட்டரியை மாத்துங்க. உப்புக் காத்து ஊர் இது, தாடையில் துளி எண்ணெய் தடவி வையுங்க.

எடை போட்டு விலை சொல்லி விற்கப் போறீங்கன்னா இதெல்லாம் போதாது. 2009-ம் வருஷ சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரையிட்ட தராசுதான் வேணும்.