ஒரே கூடம், இரண்டு பந்தி

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டியிருக்கும் ரமணாசிரமத்தின் சாப்பாட்டுக்கூடம் 1930-களில் எழுந்தது. கட்டட வேலையை முன்னின்று பார்த்தவர் அண்ணாமலை சுவாமி, பிராமணர் அல்லாதவர். அந்தக் காலத்துப் பந்தியில் ஒரு தடுப்பு இருந்தது. ஒரு பக்கம் பிராமணர்கள் உட்கார்ந்தார்கள், மறுபக்கம் மற்றவர்கள். ரமண மகரிஷி இரண்டு பக்கத்தாரும் பார்க்கும்படியான இடத்தில் அமர்ந்து சாப்பிட்டார். இரு பக்கத்துக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. தன் இலையில் மட்டும் கூடுதலாக ஏதாவது விழுந்தால் அவர் ஒப்பமாட்டார். ஆனால் தடுப்பு நின்றது. கூடத்தைக் கட்டியவரின் இலை, அந்த ஏற்பாட்டின்படி, மறுபக்கத்தில்தான்.

பக்கத்திலேயே இருந்த ‘பழைய ஹால்’ எனும் தியானக்கூடத்தில் நிலைமை வேறு. அங்கே யார் வந்தாலும் ரமணர் முன்னால் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வேதபாராயணம் நடக்கும்போது மற்ற சாதியாரும் வெள்ளைக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாய்க்கும் அணிலுக்கும் அங்கே இடமுண்டு. 1948-இல் இறந்த ஆசிரமப் பசு லட்சுமிக்குச் சமாதியே எழுப்பினார்கள். தியானத்தில் இல்லாத பிரிவு சாப்பாட்டில் மட்டும் எப்படி நுழைந்தது?

1896 செப்டம்பர் 1 அன்று பின்னாளில் ரமணரான வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் மதுரை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டு இந்த ஊருக்கு வந்தான். கோயிலிலும் குகைகளிலும் இருந்த ஆண்டுகளில் அவனுக்குச் சமையலறை கிடையாது. பிச்சை ஏற்றும், அன்பர்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டும் வாழ்ந்தான். 1916-இல் தாய் அழகம்மாள் மகனோடு தங்க வந்தபிறகு மலையில் அடுப்பு எரிந்தது. 1922-இல் அவர் மறைந்து, அடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்தது. ரமணரின் தம்பி நிரஞ்சனானந்தர் சர்வாதிகாரி என்ற பெயரில் நிர்வாகத்தை ஏற்றார். வருகிறவர்கள் பெருகினார்கள். ஆசாரம் பார்க்கிறவர்களும் கைநனைக்க வேண்டும் என்றால் பிராமணர் சமைக்க வேண்டும், பந்தியும் பிரிய வேண்டும் என்பது அன்றைய ஊர் வழக்கம். ஆசிரமம் அந்த வழக்கத்தோடு சமாதானம் செய்துகொண்டது.

1936-இல் ஆசிரம உரிமை பற்றிய ஒரு வழக்கில் ரமணர் சாட்சியம் சொல்ல வேண்டி வந்தது. ஆசிரமம் எனப்படும் நான்கு வாழ்க்கை நிலைகளில் எதைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு, நான்கு ஆசிரமங்களுக்கும் அப்பாற்பட்ட அதியாசிரமி என்று பதில் சொன்னார். எந்த நிலைக்குள்ளும் அடங்காத ஒருவரின் கண்ணெதிரே வருணப்படி இலை போடப்பட்டது. அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் தடுப்பு போயிருக்குமே என்று இன்று யாராவது கேட்டால், அது பக்திக்குறைவு ஆகாது. அந்த மகானை மதிக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி உறுத்த வேண்டும்.

அந்தத் தலைமுறையின் தவிப்பைப் புரிந்துகொள்ள, காங்கிரஸ்காரரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். 1920-களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி இருந்தது தெரியவந்து தமிழ்நாடே கொதித்தது. பிராமணர்களுக்கென வைத்த பானையில் தண்ணீர் குடித்துத் தண்டனை வாங்கிய பையன் ஓமந்தூராரின் மகன் என்று அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் காங்கிரஸுக்குள் பெரும் கேள்வியாக்கினார்கள். 1925 முடிவதற்குள் பெரியார் காங்கிரஸைவிட்டே வெளியேறினார்.

ஓமந்தூரார் காங்கிரஸிலேயே இருந்தார். பிற்பாடு ரமணரின் அடியவராகி இந்த ஆசிரமத்துக்கு வந்துபோனார். பந்தி பிரிந்த குருகுலத்தில் மகனுக்கு நேர்ந்ததை அறிந்த தகப்பன், பந்தி பிரிந்த ஆசிரமத்தில் குருவைக் கண்டார். 1947-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அவர் ஆட்சியில் ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின. கோயில்களையும் மடங்களையும் அரசின் கண்காணிப்பில் கொண்டுவர முயன்றபோது, பெரியாரோடு ஒப்பிட்டு ‘தாடியில்லாத ராமசாமி நாயக்கர்’ என்று அவரை எதிர்ப்பாளர்கள் ஏசினார்கள். 1949-இல் பதவியைவிட்டு இறங்கினார். கடைசிக் காலத்தை வடலூரில் கழித்தார். 1867 முதல் சாதி கேட்காமல் சோறு போட்டுவரும் வள்ளலாரின் தருமசாலை இருக்கும் ஊர் அது. ஆட்சியில் சட்டம் செய்தவர் ஓமந்தூரார். குருவின் பந்தியில் இருந்த தடுப்பையும் பொறுத்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் முழு மனிதராகத் தெரிகிறார்.

1950 ஜனவரி 26 அன்று அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. மூன்று மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 14 அன்று, ரமணர் மறைந்தார். ஆட்சிகள் மாறின. வெள்ளைக்காரன் போய்க் காங்கிரஸ் வந்தது, 1967-இல் தி.மு.க. வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வீடுகள் தங்களைத் திருத்திக்கொண்ட விதம்தான் கவனிக்க வேண்டியது. சாதிப்பெயரை விடும்படி 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சொன்னது. மெல்ல மெல்லத் தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த வால் உதிர்ந்தது. ஆனால் கதர் கட்டிய வீட்டிலும், பின்னால் கறுப்பு சிவப்புக் கொடி பிடித்த வீட்டிலும், கொல்லைப்புறத்தில் ஒரு தனிக்குவளை இருந்தது. வேலைக்காரிக்குத் தோசையைத் தட்டில் வைக்காமல் கையில் போட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் குவளை எப்போது அகற்றப்பட்டது, அகற்றச் சொன்னது யார், எதிர்த்தது யார் என்பதெல்லாம் பெரும்பாலான வீடுகளில் பேசப்படுவதே இல்லை. தாத்தா ஜெயிலுக்குப் போன கதை பேரனுக்குத் தெரியும். தாத்தா யாரோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார் என்பது தெரியாது. நம் குடும்பங்கள் கட்டிக்காத்த பெரிய ரகசியம் இதுதான்.

இன்று ஆசிரமத்தில் மணி அடித்ததும் சாப்பிட வருகிற கூட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவரும், ஆந்திரக் குடும்பமும், சென்னையிலிருந்து வார இறுதிக்கு வந்த இளைஞர்களும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. தினமும் முற்பகலில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் அன்னமிடுகிறார்கள். இது சின்ன மாற்றமல்ல, மனமாரக் கொண்டாடலாம்.

அதே சமயம் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு பந்தி தெரியும். ‘வெஜ் மட்டும்’ என்கிறார்கள். அடுத்து ‘சொந்த ஊர் எது?’, ‘நீங்க எந்த ஆளுங்க?’ என்று கேள்வி நீளும். நேராகக் கேட்கக் கூசுகிறவர்கள் தகப்பனார் பெயரைக் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரரிடம் இந்த விசாரணை இல்லை. சொந்த ஜில்லாக்காரருக்கு உண்டு. முன்பு தடுப்பு கூடத்தில் வெளிப்படையாக நின்றது, இப்போது வீட்டுக்காரரின் கேள்விக்குள் போய் ஒளிந்திருக்கிறது.

மாவட்டத்தில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் அந்த ஒளிவும் இல்லை. தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான் முதல்முறையாகக் கால்வைத்தார்கள். மாவட்ட ஆட்சியரும் போலீசும் காவலுக்கு நிற்க வேண்டியிருந்தது. ஓமந்தூரார் காலத்து ஆலயப் பிரவேசச் சட்டம் அந்த ஊருக்கு வந்துசேர எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆனது. அனைத்துச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்ற திட்டத்தில் இந்தத் திருவண்ணாமலையிலேயே பயிற்சிப் பள்ளி நடந்தது. 2007-இல் படிக்கத் தொடங்கியவர்களில் சிலருக்கு வேலை கிடைத்தது 2021-இல்தான். சட்டம் எழுதுவது ஆட்சியின் வேலை. அது தெருவுக்கும் வீட்டுக்கும் வந்துசேர இவ்வளவு காலம் ஆவதற்குக் காரணம் நாம்தான்.

வீட்டில் பேசாமல் விட்டதால் இந்தத் தாமதம் இன்னும் நீண்டது என்று நினைக்கிறேன். ‘நம்ம வீட்டில் சாதி பார்த்ததே இல்லை’ என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, வாடகைக்கு வருகிறவரிடம் ஊரைக் கேட்கும்போது தான் செய்வது என்ன என்று உணர்வதில்லை. தன் பாட்டி எதைச் செய்தாள், எதற்காக நிறுத்தினாள், அப்போது உறவுக்காரர்கள் என்ன பேசினார்கள் என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி வாயில் வராது. தவறைத் திருத்திக்கொண்டவர்களின் துணிவும், தவறோடு சேர்ந்து மறக்கப்பட்டுவிட்டது.

ரமணாசிரமத்துப் பந்தித் தடுப்பைப் பற்றி நமக்குத் தெரிவதற்குக் காரணம், அங்கே வாழ்ந்தவர்கள் அதைத் தங்கள் நினைவுகளில் மறைக்காமல் பதிந்ததுதான். அந்த நேர்மை ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். யாருடைய இலை எங்கே போடப்பட்டது, யாருக்கு எந்தக் குவளை என்று அவர்களிடம் கேளுங்கள். குற்றஞ்சாட்டக் கேட்க வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். சொல்வதைப் பிள்ளைகளும் உடனிருந்து கேட்கட்டும். பிறகு நம் வீட்டுக்கு வாடகை கேட்டு ஒருவர் வரும்போது, அவர் ஊரையும் தகப்பனார் பெயரையும் கேட்காமல் சாவியைக் கொடுப்போம்.