உஷார்! பச்சை எண்ணைப் பார்த்துப் பங்கு வாங்காதீர்கள்

புதிதாக டிமேட் கணக்குத் தொடங்கியிருக்கிறீர்களா? காலை 9.15-க்குச் சந்தை திறப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். செய்தித்தாளின் பங்குப் பக்கமோ செல்போன் ஆப்போ, எதைத் திறந்தாலும் புதியவர் கண் இரண்டு கட்டங்களில்தான் நிற்கிறது. ஒன்று விலை; இன்னொன்று பச்சையிலோ சிவப்பிலோ இருக்கும் சதவீதம். இவற்றை மட்டும் படித்துவிட்டுப் பணம் போடுவது ஆபத்து. உங்களைக் காப்பாற்றும் தகவல், நீங்கள் பார்க்காமல் தாண்டிப்போகும் மற்ற கட்டங்களில் இருக்கிறது.

"பத்து ரூபாய்தானே, ஆயிரம் ஷேர் வாங்கிப் போடலாம்" என்ற பேச்சை நம்பவே வேண்டாம். சென்னை எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கு மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள்தான். பத்து ரூபாய் அளவில் கைமாறிய வோடபோன் ஐடியாவுக்கோ பல ஆயிரம் கோடி பங்குகள். விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கினால் வருவதே நிறுவனத்துக்குச் சந்தை தரும் மதிப்பு. மார்க்கெட் கேப் என்று தனிக் கட்டத்தில் போட்டிருப்பார்கள். அதையும் லாபத்தையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தப் பங்கையும் மலிவு என்று சொல்ல முடியாது.

சதவீதம் இன்னும் மோசமாக ஏமாற்றும். அது நேற்றைய முடிவு விலையோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. அந்த நேற்றைய விலையே அர்த்தமில்லாததாக இருந்தால்? 2024 அக்டோபர் 29 அன்று எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு 3.53 ரூபாயிலிருந்து 2,36,250 ரூபாய்க்குப் போனது. ஆசியன் பெயின்ட்ஸ் பங்குகளை ஏராளமாக வைத்திருக்கும் நிறுவனம் அது. பழைய விலைக்கு விற்க யாரும் முன்வராததால் வர்த்தகமே இல்லாமல் கிடந்தது. சிறப்பு ஏலம் நடத்தித்தான் உண்மையான விலையைக் கண்டார்கள். 3.53-க்கு உங்களுக்கு ஒரு பங்குகூடக் கிடைத்திருக்காது. தலைகீழாகவும் நடக்கும். 2024 ஜனவரி 5-ல் நெஸ்லே இந்தியா தன் பங்கைப் பத்தாகப் பிரித்தது. 27,000 ரூபாய் அளவில் இருந்த விலை 2,700 ஆனது. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் புதிய பங்குகள் கணக்கில் வந்து சேரும்வரை சில ஆப்களில் 90 சதவீத நஷ்டம்போலத் தெரியும். அதைப் பார்த்துப் பதறி விற்றுவிடாதீர்கள். போனஸ் தரும்போதும் இதே கதைதான்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது அப்பர் சர்க்யூட் பட்டியலைப் பார்த்துத்தான். பெரும்பாலான பங்குகள் ஒரு நாளில் எவ்வளவு ஏறலாம், இறங்கலாம் என்பதற்கு 2, 5, 10, 20 சதவீதம் என எல்லைகள் உண்டு. மேல் எல்லையைத் தொடுவது அப்பர் சர்க்யூட், கீழ் எல்லையைத் தொடுவது லோயர் சர்க்யூட். தினமும் சரியாக 5 சதவீதம் ஏறி நிற்கும் பங்கைத் திறந்து பாருங்கள். வாங்க லட்சக்கணக்கில் ஆர்டர் நிற்கும். விற்கும் பக்கம் பூஜ்யம். இதைப் பார்த்து ஆசை வருவது இயல்பு. உங்களுக்கு அந்தப் பங்கு கிடைக்கிற நாள் எது என்று யோசியுங்கள். ஏற்றிவிட்டவர்கள் விற்கத் தொடங்கும் நாளாகவே அது இருக்கக்கூடும். அதன்பின் லோயர் சர்க்யூட் விழுந்தால் கட்டங்கள் இடம் மாறும்: விற்க லட்சம் ஆர்டர், வாங்க யாருமில்லை. ஸ்டாப் லாஸ் (விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஆர்டர்) போட்டிருந்தாலும் பயனில்லை, வாங்க ஆள் வேண்டுமே! பத்து நாள் தொடர்ந்து 5 சதவீதம் இறங்கினால் 100 ரூபாய் 60 ஆகிவிடும். அதுவரை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறு நிறுவனத்தைப் பற்றி 2022-ல் பொய்யான யூடியூப் வீடியோக்கள் பரப்பப்பட்டதாகவும், விலை ஏறிய நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் விற்று வெளியேறியதாகவும் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023 மார்ச் மாத இடைக்கால உத்தரவில் சொன்னது. இரண்டாயிரத்துச் சொச்சமாக இருந்த சிறு பங்குதாரர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். அத்தனை பேரும் பட்டியலில் பச்சையைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆகவே வாங்குவதற்குமுன் வால்யூமைப் பாருங்கள். ஒரு நாளில் நானூறு பங்குதான் கைமாறுகிறது என்றால், நீங்கள் வாங்கும் ஐயாயிரத்தை யாரிடம் விற்பீர்கள்? பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சீரிஸ் எழுத்தையும் கவனியுங்கள். என்.எஸ்.இ.யில் சாதாரணப் பங்குக்கு இ.க்யூ. என்று இருக்கும். பி.இ. என்றிருந்தால் அன்றே வாங்கி அன்றே விற்க முடியாது, முழுக்க டெலிவரிதான். அதன் டெலிவரி 100 சதவீதம் என்று காட்டுவது விதியால். எல்லோரும் நம்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருளில்லை. பி.இஸட். என்றிருந்தால் விதிகளைக் கடைப்பிடிக்காத நிறுவனம், பக்கத்திலேயே போகாதீர்கள். ஏ.எஸ்.எம்., ஜி.எஸ்.எம். என்ற குறி இருந்தால், சந்தையே அந்தப் பங்கைக் கண்காணிப்பில் வைத்திருக்கிறது.

52 வாரக் குறைந்த விலை என்ற கட்டமும் பலரைக் கவிழ்த்திருக்கிறது. யெஸ் வங்கி 2018 ஆகஸ்டில் 400 ரூபாய் அளவில் இருந்தது. இறங்கும் வழியெல்லாம் புதுப்புது குறைந்த விலைதான். இனி எங்கே இறங்கும் என்று ஒவ்வொரு படியிலும் வாங்கியவர்கள் உண்டு. 2020 மார்ச் 5-ல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது, மறுநாள் முடிவில் விலை 16 ரூபாய்.

டிவிடெண்ட் கட்டத்திலும் கவனம் வேண்டும். "500 சதவீத டிவிடெண்ட்" என்று அறிவிப்பது முக மதிப்பின் மேல். முக மதிப்பு ஒரு ரூபாய் என்றால் கைக்கு வருவது ஐந்து ரூபாய்தான். டிவிடெண்ட் ஈல்டு காட்டுவதும் போன வருடக் கணக்கு. வேதாந்தா 2022-23ல் பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது, அடுத்த ஆண்டு 29.50.

இதுவரை சொன்னதெல்லாம் உண்மையான பட்டியல்கள். இப்போது போலிப் பட்டியல்களும் வந்துவிட்டன. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் சேர்த்து, லிங்க் அனுப்பி, ஒரு ஆப்பை இறக்கச் சொல்கிறார்கள். அதில் உங்கள் பெயரில் பங்குகள், விலை, லாபம் எல்லாம் அசல்போலவே ஓடும். பணம் போயிருப்பதோ யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்கு. உங்கள் பங்குகள் உண்மையில் இருந்தால், பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் அமைப்புகளான என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். கணக்கில் இருக்க வேண்டும். அந்த அமைப்புகள் மின்னஞ்சலில் அனுப்பும் அறிக்கையில் வர வேண்டும். வராவிட்டால் அந்த ஆப் காட்டும் எதுவும் உங்களுடையது அல்ல. லாபத்தை எடுக்க முதலில் வரி கட்டு, கமிஷன் கட்டு என்று கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். தாமதித்தால் பணம் பல கணக்குகள் மாறிப் போய்விடும்.