மெக்சிகோ 86-ஐ மறுபடி பார்ப்பவர்கள்

1986-இல் மெக்சிகோ உலகக் கோப்பை ஆட்டங்களைத் தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டியபோது, திருவாலங்காடு போன்ற ஊர்களில் டிவி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாலிடரோ டயனோராவோ, பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். ஜூன் 22 அன்று அர்ஜென்டினா–இங்கிலாந்து காலிறுதி மெக்சிகோ நகரில் நண்பகலில் தொடங்கியபோது இங்கே இரவு 11.30 மணி. படம் புள்ளி புள்ளியாகச் சிதறினால் ஒருவர் மொட்டை மாடிக்கு ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். "தெரியுதா?" என்று மேலிருந்து குரல் வரும். "இன்னும் கொஞ்சம்... அப்படியே விடு!" என்று கீழிருந்து பத்துப் பேர் கத்துவார்கள்.

அன்று திண்ணையிலும் வாசலிலும் நெருக்கியடித்து உட்கார்ந்த சிறுவர்கள் இன்று ஐம்பதை ஒட்டியவர்கள். ஃபிஃபா பிளஸ் தளம் 2022 ஏப்ரலில் பழைய உலகக் கோப்பை ஆட்டங்களை இலவசமாகத் திறந்துவிட்ட பிறகு, அதே ஆட்டத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துவிட முடிகிறது. பார்ப்பவருக்குப் பல இடங்களில் வியப்பு காத்திருக்கிறது.

முதல் வியப்பு சட்டையில். மரடோனா என்றாலே வெள்ளையும் வெளிர்நீலமும் கலந்த கோடுகள்தான் மனத்தில் நிற்கும். அன்றோ அர்ஜென்டினா அணிந்தது கருநீலம். ஆட்டத்துக்குச் சற்று முன்னர் மெக்சிகோ நகரக் கடையொன்றில் வாங்கிய சட்டைகள் அவை. அடுத்தது ஆட்டத்தின் போக்கு. முதல் பாதியில் கோலே இல்லை. மரடோனா கையால் தட்டிய கோல் 51-ஆவது நிமிடம். தன் பாதியிலிருந்து ஐந்து பேரைத் தாண்டி அடித்த கோல் 55-ஆவது நிமிடம். நினைவு இந்த நான்கு நிமிடங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கைவிட்டுவிட்டது. கடைசிக் கால் மணி நேரத்தில் இங்கிலாந்தின் ஜான் பார்ன்ஸ் மாற்று வீரராக இறங்கி இடது ஓரத்தில் அர்ஜென்டினாவைத் திணறடித்ததும், 81-ஆவது நிமிடத்தில் லினேக்கர் ஒரு கோலைத் திருப்பியதும், இன்னொன்று மயிரிழையில் தவறியதும் பலருக்கு நினைவிலேயே இல்லை. உண்மையில் அந்த ஆட்டத்தின் உயிர்த்துடிப்பான பகுதிகளில் ஒன்று அது.

1990 உலகக் கோப்பையின் கதை இன்னும் கடுமை. தொடக்க ஆட்டத்தில் அர்ஜென்டினாவை வீழ்த்திய கேமரூனும் 38 வயதில் நான்கு கோல் அடித்த ரோஜர் மில்லாவும் அந்தத் தொடரை இனிய நினைவாக்கிவிட்டார்கள். மறுபடி பார்த்தால் பல ஆட்டங்கள் சலிப்பூட்டுகின்றன: 52 ஆட்டங்களில் 115 கோல்களே. சக வீரர் காலால் தள்ளிவிட்ட பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுத்து நேரத்தைக் கடத்துவது அப்போது விதிப்படி சரிதான். 1992-இல்தான் அதற்குத் தடை வந்தது.

நினைவின் இந்தச் சாய்வு ஆய்விலும் தெரிகிறது. எக்காலத்துக்கும் சிறந்த கால்பந்து வீரர்கள் யார் என்று கேட்டு யான்சென், ரூபின், கான்வே ஆகியோர் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் தாங்கள் பதின்ம வயதில் இருந்தபோது புகழோடு ஆடியவர்களையே அதிகம் சொன்னார்கள். மரடோனாவா மெஸ்ஸியா என்று அப்பாவும் மகனும் வீட்டில் சண்டை போடுவதன் வேர் இங்கே இருக்கிறது.

நேரில் பார்த்த ஆட்டங்களின் நினைவு வேறு வகை. திருவாலங்காட்டில் ஏறினால் புறநகர் மின்ரயில் சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் இறக்கிவிடும். நேரு விளையாட்டரங்கம் அங்கிருந்து நடக்கும் தூரம். 1993-இல் திறந்த அந்த அரங்கில் அதே ஆண்டு நேரு கோப்பைக் கால்பந்துத் தொடர் நடந்தது, வடகொரியா வென்றது. 2014 முதல் சென்னையின் எஃப்சி அணி அங்கே ஆடுகிறது. அரங்கில் இருந்தவரின் நினைவில் கோலோடு பக்கத்து இருக்கைக்காரரின் கூச்சலும் சேர்ந்தே பதிகிறது. டிவி பதிவில் அவர் இருக்கமாட்டார்.