திருச்சியில் திரும்பிய திராவிடம்

1956 மே மாதம் தி.மு.க.வின் இரண்டாவது மாநில மாநாடு திருச்சியில் கூடியது. தேர்தலில் நிற்பதா, வேண்டாமா என்பதை மேடையில் இருந்தவர்கள் தாங்களே முடிவு செய்து அறிவிக்கவில்லை. பந்தலுக்கு வந்தவர்களிடம் பெட்டி வைத்து ஓட்டுக் கேட்டார்கள். நிற்போம் என்றே பெரும்பாலோர் போட்டார்கள்.

தி.மு.க.வின் தனித் திராவிட நாடு கோரிக்கை 1963இல் கைவிடப்பட்டது என்று படிக்கிறோம். சீனப் படையெடுப்பு, பிரிவினைத் தடைச் சட்டம் என்று காரணங்களும் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு ஏழாண்டு முன்பே, இந்தப் பந்தலிலேயே பாதை திரும்பிவிட்டது என்று நான் நினைக்கிறேன். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற கட்சியிடம் ஜனங்கள் முதலில் தங்கள் கஷ்டத்தைத்தான் சொல்வார்கள்.

மறு ஆண்டே அது தெரிந்தது. அன்றைய திருச்சி மாவட்டத்தின் குளித்தலையில் ஜெயித்து கருணாநிதி முதல்முறையாகச் சட்டமன்றம் போனார். அங்கே அவருடைய கன்னிப்பேச்சு தனி நாட்டைப் பற்றியது அல்ல. நங்கவரத்தில் வாரத்துக்குப் பாடுபட்ட விவசாயிகளைப் பற்றியது.

தேர்தலே வேண்டாம் என்றிருந்த பெரியார், 1967இல் காங்கிரசை ஆதரித்தார். ஜெயித்த அண்ணாவோ பதவியேற்கும் முன்பே அவரைப் பார்க்கத் திருச்சிக்கு வந்தார். இருவரின் பதினெட்டு ஆண்டுப் பிரிவு அன்று தீர்ந்தது.

பிரான்சில் சார்லஸ் டி கோலின் தேசியவாதமும் திராவிடம் போலவே உருமாறியது. 1940இல் அதற்கு ஹிட்லருக்குப் பணியாத பிரான்ஸ் என்று பொருள்; பாண்டிச்சேரியும் அந்தப் பக்கம் சேர்ந்தது. 1966இல் அமெரிக்காவுக்குக் கட்டுப்படாமல் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பிலிருந்து விலகுவதே அதன் அடையாளம். அவர் வழிவந்த கட்சியின் சர்கோசியே 2009இல் மறுபடி அதில் போய்ச் சேர்ந்தார். அல்ஜீரியாவை விட்டுக்கொடுத்தவர் என்று டி கோலை வெறுத்தவர்கள் பலர் சேர்ந்து 1972இல் தொடங்கிய லெ பென் கட்சியும் இன்று அவர் பெயரைச் சொல்கிறது. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தார். அதே ஆண்டு ஏப்ரலில், மக்கள் வாக்கெடுப்பில் தோற்ற டி கோல் மறுநாளே பதவி விலகினார். அதன் பிறகு இரண்டு பெயர்களுக்கும் உரிமை கொண்டாட ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

ஸ்ரீரங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். 236 அடி ராஜகோபுரம் 1987இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் முழுமை பெற்றது. அதற்கு எதிரே 2006இல் பெரியார் சிலை வைத்தார்கள், திறப்பதற்குள் அதை உடைத்தார்கள், மறுபடியும் வைத்தார்கள். 2011இல் அதே தொகுதி, அண்ணா பெயரைத் தாங்கிய கட்சியின் ஜெயலலிதாவை நாற்பதாயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, சிலையைத் தாண்டிப் போய், கழகத்துக்கு ஓட்டுப் போடுகிறவர் கொள்கையைக் கெடுத்துவிட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. 1956இல் அந்தப் பெட்டி அவரை நம்பித்தான் வைக்கப்பட்டது.

ஆனால் எதை வேண்டுமானாலும் திராவிடம் என்று சொல்லிவிடலாம் என்பதை நான் ஏற்கவில்லை. 1970இல் மறுபடியும் திருச்சியில் கூடிய மாநாட்டில் எழுந்த ஐந்து முழக்கங்களில் ஒன்று, மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி. தனி நாடு போன இடத்தில் வந்து நின்ற கோரிக்கை இது. இதை ஆராய அமைத்த ராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை கொடுத்தது. 1974இல் சட்டமன்றம் சுயாட்சி கேட்டுத் தீர்மானம் போட்டது. டெல்லி அசையவில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழுவை அறிவித்தது. அண்ணா பெயரைச் சொல்கிற ஒவ்வொரு கட்சியும் அந்தக் குழுவின் முன் என்ன கேட்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.