விமானிப் பயிற்சியை விரைவாக முடிக்க முடியுமா?

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். 1993-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்நிலையத்துக்குப் பயணிகள் விமானங்கள் சில காலம் வரும், பிறகு நின்றுபோகும். 2018-இல் தொடங்கிய சேவையும் சில ஆண்டுகளில் நின்று, 2023 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. ஆனால் விமானங்கள் அதிகம் வராத ஓடுபாதைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே கற்றுக்கொள்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 2022-இல் இந்திய விமான நிலைய ஆணையம் ஐந்து விமான நிலையங்களில் பறத்தல் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கியது. அவற்றுள் சேலமும் ஒன்று.

பறக்கக் கற்பதற்குப் பல பத்து இலட்சம் ரூபாய் செலவாகும். நிலத்தையோ லாரியையோ விற்றுப் பணம் கட்டும் குடும்பங்களுக்கு, "பயிற்சியை விரைவில் முடித்துவிடலாம்" என்ற சொல் இனிமையாகத்தான் ஒலிக்கும். உண்மையில் எதை விரைவாக்க முடியும்? எதை முடியாது?

200 மணி நேரக் கணக்கு

ஊதியம் பெற்று விமானம் ஓட்ட வணிக விமானி உரிமம் தேவை. நம் நாட்டில் அதற்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் பொறுப்பு விமானியாக இருந்திருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லும் பயணங்களுள் ஒன்று 300 கடல் மைல், அதாவது 556 கிலோமீட்டர் இருக்க வேண்டும். சேலத்திலிருந்து நேர்கோட்டில் சென்னைக்குப் பறந்து திரும்பினால் ஏறத்தாழ இந்தத் தொலைவு வரும்.

நாளுக்கு ஒரு மணி நேரம் பறந்தால் 200 நாளில் முடிந்துவிடுமே என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பயிற்சி விமானம் நாளுக்கு 4 மணி நேரம் பறக்கிறது. அதை 8 மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கிடைப்பது அரை மணி நேரமே. அப்போது 200 மணி நேரம் பறக்க 400 நாட்கள் ஆகும். மழை நாட்களும், விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் நிற்கும் நாட்களும் இதில் சேரவில்லை. பயிற்சி நீண்டுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் மாணவனின் மந்தம் அன்று, விமானத்துக்கான காத்திருப்பே.

வெயில் செய்யும் வேலை

சேலத்து ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 அடி உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் வெப்பம் 13 டிகிரி செல்சியஸ் இருக்கும் என்று கொண்டுதான் விமானக் கணக்குகள் தொடங்குகின்றன. சித்திரை மாதப் பிற்பகலில் இங்கே வெப்பம் 38 டிகிரி! காற்று சூடானால் விரியும். விரிந்தால் அடர்த்தி குறையும். இந்த 25 டிகிரி வேறுபாட்டால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்துவிடுகிறது. இறக்கைக்குத் தூக்கு விசை குறைகிறது. எஞ்சினுக்கும் வலு குறைகிறது. 1000 அடியில் நிற்கும் விமானம் 4000 அடி உயரத்தில் நிற்பதுபோல் நடந்துகொள்ளும். மேலெழ அதிக தூரம் ஓடும், மெதுவாகவே ஏறும்.

இன்னொன்றும் உண்டு. சங்ககிரிப் பாறை விரைவில் சூடாகும். பரமத்தி வேலூர் வாழைத் தோட்டம் அவ்வளவு சூடாகாது. சூடான இடத்தின்மேல் காற்று எழும்பும். பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு மேலேறுவது இந்தக் காற்றின் தயவால்தான். பருந்துக்கு உதவும் அதே காற்று சிறு விமானத்தைக் குலுக்கி எடுக்கும். ஆகவே புதிதாகக் கற்பவருக்கு ஏற்றவை, நிலம் சூடேறாத காலை நேரங்களே. ஒரு நாளில் நல்ல நேரம் சில மணிதான். பணத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் அது கூடாது.

மூளையின் வேகம்

காற்றைப் போலவே மூளைக்கும் ஒரு வேகம் உண்டு. பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கியபோது, பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் அவர்களைக் குழுக்களாகப் பிரித்துச் சோதித்தனர். அந்த ஆய்வு 1978-இல் வெளிவந்தது. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள் ஏறத்தாழ 35 மணி நேரத்தில் விசைகளைக் கற்றனர். நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் பழகியவர்களுக்கோ ஏறத்தாழ 50 மணி நேரம் பிடித்தது. நாட்கணக்கில் பார்த்தால் இரண்டாம் குழு முந்திவிட்டது, மணிக்கணக்கில் பின்தங்கிவிட்டது.

விமானப் பயிற்சியில் கட்டணம் மணிக்கணக்கில்தான் என்பதை நினைவில் வையுங்கள். விமானம் ஓட்டுவது தட்டச்சைவிடச் சிக்கலானது. எனினும் கைப்பழக்கம் என்ற வகையில் இரண்டும் ஓரினமே. திணித்துக் கற்றால் சில பாடங்களுக்கு மீண்டும் பறக்க நேரிடலாம். மாதக்கணக்கில் இடைவெளி விட்டாலோ கற்றது மறந்துபோகும். இடைவிடாமல் நாள்தோறும் சிறிதளவு பறப்பதே உண்மையான விரைவுப் பயிற்சி.

தரையிலேயே பறக்கலாம்

அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை இசைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தினார். அங்கே பயன்பட்ட காற்றுத் துருத்திகளைக் கொண்டு, தரையிலேயே சாய்ந்து திரும்பும் ஒரு போலி விமானத்தை 1929-இல் லிங்க் உருவாக்கினார். 1934-இல் தபால் சுமந்த இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் சிக்கி மாண்டனர். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பழக்கம் அவர்களுக்குப் போதவில்லை. அதன் பின்னரே இராணுவம் லிங்க்கின் கருவிகளை வாங்கியது. இன்று நம் வணிக உரிமத்துக்கும் கருவிப் பயிற்சி 10 மணி நேரம் வேண்டும். அதில் 5 மணி வரை இத்தகைய கருவியில் பழகலாம்.

ஆக, விரைவுபடுத்தக் கூடியவை சில உண்டு. வானிலையியல், வழிகாண் கலை, பறத்தல் விதிகள், தொழில்நுட்பம் ஆகிய பாடங்களைப் பறக்கத் தொடங்குமுன்பே படித்துத் தேறலாம். ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். முதல் நிலை மருத்துவச் சோதனையையும் பணம் கட்டுமுன் முடித்துவிடுவது நல்லது. கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் அது முதலிலேயே தெரிந்துவிடும்.

பள்ளியில் சேருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள்? ஆசிரியர்கள் எத்தனை பேர்? சென்ற ஆண்டு ஒரு மாணவர் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்தார்? "எத்தனை மாதத்தில் முடியும்?" என்ற கேள்விக்கு உரிய விடை இம்மூன்றிலும் அடங்கியிருக்கிறது.