டிராக்டரின் பின் டயர்: ஒன்றை மாற்றுவதா, இரண்டையும் மாற்றுவதா?

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிக்கு நேரும் செலவுகளுள் பின் டயர்ச் செலவு பெரியதொன்று. அது பெரும்பாலும் எதிர்பாராத சமயத்திலேயே வந்து சேருகிறது. வரப்பில் புதைந்து கிடந்த இரும்புத் துண்டோ, அறுவடையான கரும்புக் கொல்லையின் கூரிய தூரோ ஒரு டயரைக் கிழித்துவிட்டால், பருவம் தவறிவிடுமே என்ற அவசரத்தில் முடிவு செய்ய வேண்டியதாகிறது. சிலர் கெட்டதொன்றை மட்டும் மாற்றிச் சிக்கனம் செய்ததாக எண்ணுகின்றனர். வேறு சிலர் கடைக்காரர் சொற்படி இரண்டையும் வாங்கிக் கடன்படுகின்றனர். இவ்விரண்டில் எது உசிதம் என்பது கெட்ட டயரைப் பொறுத்ததன்று. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நல்ல டயரைப் பொறுத்ததாகும்.

பழுதைச் சோதித்தல்

டயரை மாற்றியே தீரவேண்டுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆணியோ, சீமைக் கருவேல முள்ளோ தரையில் படும் பாகத்தில் குத்தியிருந்தால், டியூபுக்குப் பஞ்சர் ஒட்டினாலே போதும். உள்ளே ஒடிந்து நிற்கும் முள்ளைத் தடவிப் பார்த்து எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அதே முள் மறுநாளும் டியூபைக் குத்தும். பக்கச் சுவரில் நூல் அடுக்குகள் அறுந்து வீங்கியிருப்பின், உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டுவது அபாயகரம். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் சாலையில் செல்லும்போது அத்தகைய டயர் வெடித்தால் உயிர்ச்சேதமும் நேரலாம்.

பின் அச்சின் அமைப்பு

இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரக் கூட்டு இருக்கிறது. வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும், உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட இது இடங்கொடுக்கிறது. நேராக ஓடும்போது இதற்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் தம் அச்சில் சுழலாமல் நிற்கும். இக்கூட்டு இழுவிசையை இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சமமாகவே பங்கிடும். ஆகையால் பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ, அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். ஒரு பக்கத்தில் புதிய டயரும், மறுபக்கத்தில் பட்டன் தேய்ந்த டயரும் இருப்பின், ஈர நிலத்தில் தேய்ந்தது வழுக்கிச் சுழலும். புதியதன் பிடிப்பு வீணாகும். டீசல் செலவு மிகும்; உழவோ முன்னேறாது.

தேய்மான வித்தியாசம்

ஒரு கணக்கைப் பார்ப்போம். புதிய டயரின் பட்டன் உயரம் 30 மில்லிமீட்டர் என்றும், பழையதில் 10 மில்லிமீட்டரே மிஞ்சியுள்ளது என்றும் வைத்துக்கொண்டால், ஆர வித்தியாசம் 20 மில்லிமீட்டர். சுற்றளவு வித்தியாசம் சுமார் 12½ சென்டிமீட்டர். புதியதன் சுற்றளவு 4 மீட்டரானால், ஒரு கிலோமீட்டருக்கு அது 250 முறை சுழலும்; பழையது 258 முறை சுழலவேண்டும். நேரான சாலையிலும் டிபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்களுக்கு ஓய்வில்லை. உழவு வேலை மட்டுமாயின் இதனால் விளையும் கெடுதி மெதுவானது. நாள்தோறும் கரும்போ மணலோ ஏற்றி நெடுந்தூரம் ஓடும் வண்டிக்குத் தேய்மானம் அதிகம். டிபரன்ஷியல் லாக்கை மிதித்துவிட்டால் இரண்டு சக்கரங்களும் ஒரே கதியில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. அளவு வேறுபட்ட டயர்களுடன் கெட்டித் தரையில் அப்படி ஓட்டுவது அச்சையும் பற்சக்கரங்களையும் முறுக்கி வருத்தும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் உண்டு.

முடிவு செய்யும் முறை

நல்ல டயரின் பட்டன் உயரத்தை நான்கு இடங்களில் அளவுகோலால் அளந்து சராசரி எடுக்கவும். அதே அளவுள்ள புதிய டயரின் உயரத்தைக் கடையில் அளந்து ஒப்பிடவும்.

1. கால் பங்குக்குள் தேய்ந்திருந்தால் ஒன்றை மாற்றினால் போதும். இரண்டாவது டயருக்குப் பணம் செலவிடுவது வீண்.

2. பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்றுவதே முடிவில் சிக்கனம். கழற்றிய நல்ல டயரை நிழலில் வைத்துக் காப்பாற்றினால் பின்னால் உதவும்.

3. இடைநிலையில் இருந்தாலும், இரண்டுக்கும் பணமில்லாவிட்டாலும், ஏறக்குறைய அதே தேய்மானமுள்ள பழைய டயரைத் தேடுவது நல்லது. அக்கம்பக்கத்தில் அதே அளவு டயர் உடையவரிடம் இவ்வாறு ஒற்றையாய் மிஞ்சியது இருக்கக்கூடும். பக்கச் சுவரில் வெயிலால் வெடிப்புக் கண்டதை வாங்கலாகாது.

நடவுக்குச் சேற்றுழவு செய்யும் சமயத்தில் டயர்களைக் கழற்றி முழுக் கேஜ் வீல் மாட்டுவோர் அவசரப்பட வேண்டியதில்லை. அவ்வேலை முடியும் வரை டயரைத் தேடவும் பணம் திரட்டவும் அவகாசம் இருக்கிறது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

டயரின் அளவும், பட்டன் அமைப்பும், ரேடியலா சாதாரண டயரா என்பதும் இரு பக்கமும் ஒன்றாயிருத்தல் அவசியம். பக்கச் சுவரிலுள்ள அம்புக்குறி, வண்டி முன்னே செல்லும்போது சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். பழைய டயரில் பாரத்திற்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால் புதியதிலும் அதே அளவு நிரப்ப வேண்டும். காற்றழுத்தமும் சமமாயிருக்க வேண்டும்.

மாட்டியபின் ஒரு சோதனை செய்யலாம். இரு டயர்களிலும் தரையைத் தொடும் இடத்தில் சுண்ணாம்புக் குறியிட்டு, கெட்டித் தரையில் நேராக 10 சுற்று ஓட்டவும். ஒரு குறி மற்றதைவிடக் கால் சுற்று முந்தினால், சுற்றளவு நூற்றுக்கு 2½ பங்கு வித்தியாசப்படுகிறதென்று அறியலாம். அந்த ஜோடியைச் சாலைப் பாரத்திற்கு உபயோகியாதிருத்தல் நலம்.

முன் டயர்கள்

பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டிராக்டரில் முன் டயர் ஒன்றை மாற்றுவதால் பெருங்கெடுதி இல்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரிலோ, முன், பின் டயர்களின் சுற்றளவு பற்சக்கர விகிதத்திற்கு இசைய அமைக்கப்பட்டுள்ளது. அங்கு ஜோடியாக மாற்றுவதோடு, தயாரிப்பாளர் குறித்த அளவையே வாங்க வேண்டும்.

டயர் கெட்ட நாளில் கடைக்குப் புறப்படுமுன் நல்ல டயரை அளக்கக் கால் மணி நேரம் செலவாகும். அந்த அளவு கையில் இருந்தால், தேவையற்ற கடனும் வேண்டாத சிக்கனமும் ஒருங்கே நீங்கும்.