பக்கத்து இருக்கையிலிருந்து பரவும் செயலி

2018 ஆகஸ்ட் நடுவில், பெருவெள்ளத்தின்போது, கேரளத்தின் 14 மாவட்டங்களும் சிவப்பு எச்சரிக்கையில் இருந்தன. செங்கன்னூரிலும் ரான்னியிலும் ஆலுவாவிலும் மொட்டைமாடியில் ஏறி நின்றவர்களுக்குப் படகு வரவேண்டும். திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரைகளிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட மீனவர்களுக்கோ எந்த ஊரில் எந்த வீடு என்று தெரியவேண்டும். இந்த இரு தரப்பையும் இணைத்த பாலங்களில் ஒன்று ஒரு சாதாரண இணையப் படிவம். பெயர், தொலைபேசி எண், மாவட்டம், இடத்தின் அடையாளம், என்ன உதவி வேண்டும் என்று சில கட்டங்கள், அவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் இயங்கும் கேரள மாநில ஐ.டி. மிஷனும், பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ.யின் கேரளப் பிரிவைச் சேர்ந்த தன்னார்வலர்களும் உருவாக்கிய ‘கேரளரெஸ்க்யூ’ தளம் அது. பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற இலவசக் கட்டமைப்பின் மேல் எழுதப்பட்டது. நிரல் முழுவதும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருந்ததால், எங்கோ உட்கார்ந்திருந்த முகமறியாத பொறியாளர்களும் இரவோடு இரவாகப் பிழை திருத்தினார்கள்.

இதற்கு யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை, கொடுக்க நேரமும் இல்லை. ஆனாலும் சில நாட்களில் மலையாளிகள் வாழும் இடமெல்லாம் அந்த முகவரி போய்ச் சேர்ந்தது. வளைகுடாவில் இருந்த மகன் ஊரிலுள்ள பெற்றோருக்காகப் படிவம் நிரப்பினான். திரை நட்சத்திரங்கள் தங்கள் பக்கங்களில் பகிர்ந்தார்கள். நிவாரண முகாம்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்த அந்த நாட்களில், முகாம்களுக்கு என்ன தேவை என்பதும் அந்தத் தளத்திலேயே பதிவானது.

அது பேரிடர்க் காலம், பயத்தில் எல்லோரும் பகிர்வார்கள், விளம்பரக் காசில்லாமல் நாம் பரப்ப நினைக்கும் செயலிக்கு அது பொருந்தாது என்று சொல்லத் தோன்றும். ஓரளவு உண்மைதான். ஆனால் அதே நாட்களில், அதே பயத்தோடு பரவிய இன்னொன்றும் உண்டு. ‘இந்த வீட்டில் இத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள், உடனே உதவுங்கள்’ என்ற வாட்ஸ்அப் செய்திகள். மீட்கப்பட்டு முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களின் எண்ணுக்கும் தொடர்ந்து அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. செய்தியை நகலெடுத்து அனுப்பினால், அது எழுதப்பட்ட நிமிடத்திலேயே உறைந்துவிடுகிறது. முகவரியை அனுப்பினால், அதைத் திறக்கும் ஒவ்வொருவரும் அந்த நேரத்து நிலவரத்தைப் பார்க்கிறார்கள். பெறுபவருக்கும் அங்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது: படிவம் நிரப்பலாம், தன்னார்வலராகப் பெயர் கொடுக்கலாம், முகாமுக்குப் பொருள் அனுப்பலாம். கையில் காசில்லாமல் செயலி செய்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

தகவல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990இல் தொடங்கப்பட்ட ஊர் திருவனந்தபுரம். அது இருக்கும் கழக்கூட்டத்தைச் சுற்றி வாடகை அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கணிசமாக உண்டு. பகலில் நிறுவன வேலை, இரவில் சொந்தச் செயலி என்று உழைப்பவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். கூகுள் பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒரே ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். அதற்குப் பிறகுதான் சிக்கல். லட்சக்கணக்கான செயலிகள் நிற்கும் வரிசையில் நம்முடையதை யார் பார்ப்பார்கள்? ‘வைரல் ஆகணும்’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் விடை. அந்த விடை தவறு என்பதைக் கணக்கும் சோதனையும் சேர்ந்தே காட்டுகின்றன.

கணக்கு எளியது. உங்கள் செயலியைப் பயன்படுத்தும் ஒருவர் சராசரியாக ஐந்து பேரிடம் சொல்கிறார், சொன்னவர்களில் பத்தில் ஒருவர் நிறுவிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரால் வருவது அரை ஆள். இதைப் பெருக்க எண் என்பார்கள். தொற்றுநோய் ஆய்வாளர்கள் கொரோனா காலத்தில் தினமும் சொல்லிக்கொண்டிருந்த எண்ணும் இதே வகைதான். நோய் பரவலுக்கான அடிப்படைச் சமன்பாடுகளை கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் 1927இலேயே எழுதிவிட்டார்கள். பெருக்க எண் 1ஐத் தாண்டினால் பரவல் தானாகவே பெருகும். தாண்டாவிட்டால் அடங்கிவிடும்.

அடங்கிவிடும் என்பதைக் கேட்டுத்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். சோர்வதற்கு முன்னால் கணக்கை முடித்துப் பார்க்க வேண்டும். பெருக்க எண் 0.5 என்றால், நீங்கள் நேரில் சேர்த்த 100 பேரால் 50 பேர், அவர்களால் 25 பேர் என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் 200 வரும். அதுவே 0.8 என்றால் 500. 0.9 என்றால் 1,000. ஒன்றைத் தொடாமலேயே பத்து மடங்கு! 0.8ஐ 0.9 ஆக்குவது, அதாவது பத்துப் பேருக்கு இன்னொரு ஆளைக் கூடுதலாகக் கொண்டுவரச் செய்வது, புதிதாக 100 பேரைத் தேடிப் பிடிப்பதற்குச் சமம். இந்த ஒரு பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவர், எங்கே உழைக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வார்.

பெருக்க எண்ணைக் கூட்டாமல் குறைப்பதன் மூலம் வாட்ஸ்அப் இதைத் தலைகீழாகச் செய்துகாட்டியிருக்கிறது. 2018 ஜூலையில், அதாவது கேரள வெள்ளத்துக்குச் சில வாரங்கள் முன்னால், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று அது இன்னும் இறுகியது. அப்படிப்பட்ட செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. பொத்தான் ஒன்றை மாற்றினாலே பெருக்க எண் மாறுகிறது. எதிர்த் திசைக்கு எடுத்துக்காட்டு ஹாட்மெயில். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய அந்தச் சேவையிலிருந்து போன ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும், நீங்களும் இலவசக் கணக்குத் தொடங்கலாம் என்று ஒரு வரி இருந்தது. ஒன்றரை ஆண்டில் பயனர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். கடிதம் எழுதுவதுதான் பயன்பாடு, அதுவே அழைப்பாகவும் ஆகிவிட்டது.

ஹாட்மெயில் கதையைப் படித்துவிட்டு ஆயிரம் பேரின் எண்களுக்கு இணைப்பை அனுப்பத் தொடங்குவது ஒரு பொறி. ஷரத் கோயல், டங்கன் வாட்ஸ், டேனியல் கோல்ட்ஸ்டீன் ஆகிய ஆய்வாளர்கள் 2012இல் இணையத்தின் ஏழு வெவ்வேறு களங்களில் பரவலை அளந்து பார்த்தார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மூன்றாமவருக்கு என்று நீளும் சங்கிலிகள் மிக அரிது. பெரும்பாலானவை முதல் படியிலேயே நின்றுவிட்டன. ஆகவே நீண்ட சங்கிலியை நம்பிக் காத்திருப்பதைவிட, நிறைய இடங்களில் நாமே போய் விதைப்பதுதான் நடைமுறை.

எங்கே விதைப்பது? இதற்கு மிக அழகான விடையை டேமன் சென்டோலா 2010இல் ‘சயன்ஸ்’ இதழில் கொடுத்தார். 1,528 பேரை இணையத்தில் ‘உடல்நல நண்பர்கள்’ வலையமைப்புகளில் சேர்த்தார். ஒரு வகை வலையில் அக்கம்பக்கத்தார் போல நண்பருக்கு நண்பர் தனக்கும் நண்பர். இன்னொரு வகையில் தொடர்புகள் குருட்டாம்போக்கில் சிதறிக் கிடந்தன. சிதறிய வலையில் செய்தி வேகமாக ஓடும் என்பதுதான் வழக்கமான எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. பரிந்துரைக்கப்பட்ட ஒரு தளத்தில், நெருக்கமான வலையில் இருந்தவர்களில் சுமார் 54 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். சிதறிய வலையில் 38 சதவீதம்தான். ஒருவர் சொல்லிச் சேராதவர், இரண்டாவது மூன்றாவது ஆளும் சொன்னபோது சேர்ந்தார்.

வதந்தியை நம்ப ஒரு வாய் போதும். புதிதாக ஒன்றை நிறுவ, அதற்கு அனுமதிகள் கொடுக்க, பழக்கத்தை மாற்றிக்கொள்ள, பக்கத்தில் இரண்டு மூன்று பேர் அதை வைத்திருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஆற்றுகால் பொங்காலையன்று கோயிலின் முதன்மை அடுப்பான பண்டார அடுப்பில் மூட்டப்படும் நெருப்பு, வரிசையில் அடுத்தடுத்த அடுப்புகளுக்குக் கைமாறி நகரத்தின் தெருக்களெல்லாம் போய்ச் சேருகிறது. அடுப்புகள் அருகருகே இருப்பதால்தான் அது நடக்கிறது. செயலியும் அப்படித்தான். ஊரெங்கும் சிதறிய ஆயிரம் பேரைவிட ஒரே அலுவலகத்தில், ஒரே குடியிருப்பில், ஒரே ரயில் பெட்டியில் இருக்கும் நூறு பேர் மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ரயில் பெட்டி என்றதும் ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ நினைவுக்கு வராமல் இருக்காது. டிவோ நிறுவனத்தில் வேலை பார்த்த நண்பர்கள் சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய சிக்மாய்ட் லேப்ஸ் உருவாக்கிய, ரயில் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலி அது. அகமது நிஜாம் மொகைதீன், அருண்குமார் நாகராஜன், பாலசுப்பிரமணியம் ராஜேந்திரன், மீனாட்சி சுந்தரம், சசிகுமார் வெங்கட்ராமன் என்று நிறுவனர்களின் பெயர்களைப் படிக்கும்போது ஒரு தமிழ் வாசகருக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். 2018 டிசம்பரில் கூகுள் அதை வாங்கியது. அதற்குள் பதிவிறக்கங்கள் ஒரு கோடியைத் தாண்டியிருந்தன, பெரும்பாலும் வாய்வழியாகவே.

அதன் நுட்பத்தையும் பரவலையும் பிரித்துப் பார்க்க முடியாது. ரயில் போகும் வழியில் இணையம் அடிக்கடி அறுந்துபோகும். பெட்டிக்குள் ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காது. ஆனால் கைபேசி எப்போதும் ஏதோ ஒரு கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஓர் அடையாள எண் இருக்கிறது. தண்டவாளத்தின் ஓரம் எந்தக் கோபுரம் எங்கே நிற்கிறது என்ற பட்டியல் செயலியிடம் இருந்தால், எண்ணைப் பார்த்தே ரயில் இருக்கும் இடத்தைக் கணிக்கலாம், இணையமே தேவையில்லை. ஆகவே நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் வண்டியில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எல்லோருடைய கைபேசித் திரையும் இணையம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவருடையது மட்டும் வேலை செய்கிறது. “அண்ணே, எங்க வந்திருக்கோம்?” என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார். இவர் திரையைத் திருப்பிக் காட்டுகிறார். தேவை, நிரூபணம், பரிந்துரை மூன்றும் அந்தச் சில நொடிகளில் முடிந்துவிட்டன. எந்த விளம்பர நிறுவனமும் இந்த நொடியை விலைக்கு வாங்கித் தர முடியாது. கூகுள் அந்த நிறுவனத்தையே விலை கொடுத்து வாங்கியதில் எனக்கு வியப்பில்லை.

நம் மொழிக்குள்ளேயே இதற்கு முன்னோடி உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’, 2005 பொங்கல் நாளில் சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியோடு சேர்ந்து பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. ஸ்மார்ட்போன்கள் வராத காலம், கைபேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே கிடையாது. தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப ஆசைப்படுபவருக்கு, அதைத் தமிழிலேயே படித்துப் பதில் அனுப்பும் இன்னொருவர் வேண்டும். தமிழ் வானொலி நேயர்களைவிட அடர்த்தியான, விருப்பமுள்ள கூட்டம் வேறெங்கே கிடைக்கும்? அந்தத் தேர்வை இன்று நினைத்தாலும் பாராட்டத் தோன்றுகிறது.

கழக்கூட்டத்து அறைக்குத் திரும்புவோம். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் திறந்தவர்களுக்கு கூகுள் ஒரு நிபந்தனை வைத்தது. செயலியை எல்லோருக்கும் வெளியிடுவதற்கு முன் 20 சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாட்கள் அதில் இணைந்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் 20 என்பது 12 ஆகக் குறைந்தது. பல இளைஞர்கள் இதைத் தொல்லையாக நினைத்து, முன்பின் தெரியாதவர்களோடு ‘நீ என்னுடையதைச் சோதி, நான் உன்னுடையதை’ என்று பண்டமாற்று செய்துகொள்கிறார்கள். அது பெரிய வீண். கிடைக்கப்போகும் முதல் விதையைத் தார்ச்சாலையில் தூவுவது அது. செயலி யாருக்காகவோ அவர்களிலிருந்து, ஒருவரை ஒருவர் அறிந்த 12 பேரைப் பிடித்தால், நிபந்தனையும் நிறைவேறும், சென்டோலாவின் நெருக்கமான வலையும் கிடைக்கும்.

கடைப் பக்கத்திலும் காசில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. பிளே ஸ்டோரில் தலைப்புக்கு 30 எழுத்து, சிறு விளக்கத்துக்கு 80 எழுத்துதான் இடம். அதில் ‘புதுமையான, புரட்சிகரமான’ என்று எழுதி இடத்தை வீணாக்காமல், தேடுபவர் தட்டச்சு செய்யும் சொற்களை வைக்க வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனி விளக்கம் கொடுக்க வசதி இருக்கிறது. நம்மவர்கள் பலர் ஆங்கிலத்தோடு நின்றுவிடுவது வருத்தம் தருகிறது. நட்சத்திர மதிப்பீட்டைத் திறந்தவுடனே கேட்கக் கூடாது. செயலி ஒரு வேலையை முடித்துக் கொடுத்த கணத்தில் கேட்க வேண்டும். மதிப்பீட்டில் அண்மைக்கால நட்சத்திரங்களுக்கே எடை அதிகம் என்பதால், பழைய கெட்ட பெயரைத் திருத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. குறை எழுதியவருக்குப் பதில் எழுதி, குறையைச் சரிசெய்தால், அவரே நட்சத்திரத்தைக் கூட்டிக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் தின்றுவிடும் ஒன்று இருக்கிறது: நிறுவியவர் விட்டுப்போவது. பெருக்க எண் 0.9ஆகவே இருந்தாலும், வந்தவர் மறுநாளே நீக்கிவிட்டால் பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கத் திரையில் எதுவும் இருக்காது. ஆகவே சோதனையின் 14 நாட்களும் முடிந்த பிறகு, பதினைந்தாம் நாள் காலையில் ஒரு எண்ணிக்கை எடுங்கள். யாரும் கேட்காமல், நினைவூட்டாமல், தாமாகவே செயலியைத் திறந்தவர்கள் அந்த 12 பேரில் எத்தனை பேர்? ஏழெட்டுப் பேர் என்றால் அடுத்த பெட்டிக்குப் போகலாம். இரண்டு பேர்தான் என்றால், அவர்கள் எதற்காகத் திறந்தார்கள் என்று உட்கார்ந்து கேட்டு, மற்ற பத்துப் பேர் ஏன் திறக்கவில்லை என்பதையும் கேட்டு, திருத்திய செயலியோடு அதே பெட்டிக்கு மறுபடியும் போக வேண்டும்.